ஒரு பிடி மிச்சம்

கோழிக்கூண்டுக் கதவுக்கு
அறுபது வருடம் தாழ்ப்பாளாகக் கிடந்ததை உருவி
செய்தித்தாளில் சுற்றி
சனிக்கிழமை காலை கொண்டுவந்தாள்
அடுத்த வீட்டு மெர்ல் ட்ரெகென்சா.
பல்லாரட்டில் அன்று மூன்று டிகிரி.
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே கேட்டாள்:
"பல் கட்டுகிற ஆள்தானே நீ,
இல்லாததைச் செய்து பொருத்தத் தெரியுமல்லவா?"

சாப்பாட்டு மேசையில் பிரித்தோம்.
அலகு பதினேழு அங்குலம்,
கோழி எச்சத்தில் பாதி வெளுத்தது.
ஒரு பக்கம் மரப்பிடி இருந்தது,
மறுபக்கம் வெறும் இரும்பு.
இரண்டு திருகாணியில் ஒன்று.
துப்பாக்கியைக் கவ்விக்கொள்ளும் பொத்தான் இல்லை,
அதற்கடியில் இருந்திருக்க வேண்டிய சுருள்வில்லும்.
உறை?
"அப்பா காலத்திலேயே நாய் தின்றுவிட்டது."

வாயைத் திறக்கச் சொன்னதுபோல்
விளக்கை இழுத்துக் குனிந்தேன். தொழில் புத்தி.

உன் பாஷையில் இதற்கு என்ன பேர் என்றாள்.
சனியன் என்றேன். துப்பாக்கிச் சனியன்.
அது ஒரு கிரகமும்தான், மெதுவாக நகர்வது,
ஆகாதவர்களைத் திட்டுவதும் அதை வைத்தே.
"கிரகமா" என்று ஜன்னல் வழியே
மேலே பார்த்தாள். ஒரே மேகம்.

ஏழரை வாரம் பிடித்தது.
எண்ணெயில் ஊறவைத்து
பழைய செம்புப் பென்னியின் விளிம்பால்
துருவைச் சுரண்டினேன்.
மணல்தாள் கூடாது;
துருவைத் தின்னும் வாய் முத்திரையையும் தின்னும்.
ஒரு கிரீடம் எழுந்தது, ஒரு மூன்று,
பாதி எழுத்து.
திருகாணியின் புரி எந்தக் கடையிலும் இல்லை,
பல்லுக்குப் பூண் கடையும் இயந்திரத்தில் நானே கடைந்தேன்.
இரண்டு பேனா வில் முறிந்தது,
மூன்றாவது எதிலிருந்து கழற்றினேன் என்று
கிளினிக்கில் சொல்லவில்லை.

வலது கடைவாயைப் பார்த்து இடதைச் செய்வதுபோல்
இருந்த பிடியைப் பார்த்து இல்லாத பிடி:
கட்டில்கால் வால்நட், தேயிலைச் சாயம் மூன்று பூச்சு.
பழையதில் எவனுடைய கட்டைவிரலோ தேய்த்த பள்ளம் ஒன்று.
என்னுடையதில் அதைச் செய்யவில்லை.
தெரியாத கைக்கு நான் எப்படித் தேய்வது?

பொருத்தினேன். பொத்தான் 'டக்'கென்றது.

மறு செவ்வாய்
மில்டூராவிலிருந்து அவள் தம்பி க்ளெமின் பார்சல்.
பியானோவை விற்றானாம்,
அதன் காலுக்கடியில் ஆடாமலிருக்கச் செருகியிருந்த
மரத்துண்டு:
காணாமல் போன பிடி.
முகத்தில் பியானோக் காலின் வட்டத் தழும்பு,
உட்புறம் கத்திமுனையால் நாலு கோடு,
குறுக்கே ஒன்று.
நாள்களா, ஆள்களா என்று நான் கேட்பதற்குள்
"முட்டையாக இருக்கும்" என்றாள் மெர்ல்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

புதுப் பல்செட்டு வாங்கிய மறுநாள்
சோபா இடுக்கில் பழசைக் கண்டெடுப்பவர்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.
எல்லாரும் பழசுக்கே திரும்புவார்கள்.
கழற்றினேன், மாற்றினேன்,
கோடுகள் உள்ளே போய்விட்டன.

சனியன் இப்போது அவள் நடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள், எண்ணெய் மினுக்கோடு.
என் பிடி கோழிக்கூண்டுக் கதவில்
ஒற்றை ஆணியில் சுழன்று தாழ்ப்பாளாகிறது.
மழைக்கு உப்பிக்கொள்கிறதாம்.
கொஞ்சம் சீவிக் கொடு என்கிறாள்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து,
கையில் நாலு முட்டையோடு.