இருப்புக் கூடுதல்

எங்கள் ரேஷன் கடையில்
குறைந்தாலும் அபராதம், கூடினாலும் அபராதம்.
முப்பது கிலோ அரிசி அதிகம் இருந்தால்
யார் வயிற்றில் அடித்தாய் என்றுதான் கேட்பார்கள்.
இருபத்தாறு வருஷத்தில்
என் பதிவேட்டில் கூடுதல் வந்ததில்லை.

உடம்பில் வந்தது. ஒன்பது கிலோ.
காலையில் அதே இரண்டு இட்லி,
மத்தியானம் அதே டிபன் பாக்ஸ்,
ராத்திரி மிச்சம் இருந்தது.
எந்த லாரியில் இறங்கியது இந்த லோடு,
எந்தச் சீட்டு, யார் கையெழுத்து?

மூட்டை இறக்கிக்கொண்டே சோணைமுத்து சொன்னான்:
"அக்காவுக்கு மட்டும் ரேஷன் அரிசி நல்லா ஒட்டுது."
சிரித்தேன்.
சாக்கு உரசுவது போல வந்தது சிரிப்பு.
குரல் கட்டி மூன்று மாதம் ஆனதை
அப்போதுதான் நானே கேட்டேன்.

கத்திரி வெயில்.
செல்லூர்ச் சாலையில் தார் இளகிச் செருப்பைப் பிடிக்கிறது.
தகரக் கூரைக்குக் கீழே
நான் ஃபேனை நிறுத்துகிறேன், குளிருகிறது.
வரிசை மொத்தமும் என்னைத் திட்டுகிறது.
போன வருஷம் இதே நான்
நடுச்சாமத்தில் ரவிக்கை நனைய எழுந்து
குளியலறைத் தரையில் போய்ப் படுத்தவள்.
"நின்னு போனா அப்படித்தான்" என்றார்கள் அதற்கு.
"நின்னு போனா இப்படித்தான்" என்கிறார்கள் இதற்கும்.
வெந்தாலும் அதுதான், விறைத்தாலும் அதுதான் என்றால்
அது வியாதியின் பேரில்லை,
வாயில் அடைக்கிற துணி.

ஒரு செவ்வாய்க்கிழமை
கைரேகை மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை.
பெருவிரலைத் துடைத்து வைத்தேன்.
சேலையில் தேய்த்து வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்.
வரிசையில் முதல் ஆள் தங்கபுஷ்பம்,
ஏழு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.
ரேகை விழவில்லை என்று
மூன்று மாதம் அவளை வெறும் பையோடு அனுப்பியவள் நான்.
எட்டி என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.
"வறண்டு வெடிச்சிருக்கு. முடியும் கொட்டுதா?
எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது.
தைராய்டு பாரு தாயி."
அவள் விரல் தேய்ந்தது சாம்பலாலும் சோப்பாலும் என்று
நானாக எழுதி வைத்திருந்தேன் மனசுக்குள்.
கேட்டதில்லை.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
டி.எஸ்.எச். இருபத்தெட்டு.
கொழுப்பு இருநூற்று அறுபது.
சர்க்கரை, எல்லைக்கோட்டில் ஒரு காலை வைத்து நிற்கிறது.
டாக்டருக்கு என் மகள் வயசு. பேனாவால் பிரித்துக் காட்டினாள்:
"ஒன்பது கிலோவுல ரெண்டு மூணுதாம்மா தைராய்டு கணக்கு.
மிச்சம் வயசு, தூக்கம், உக்காந்தே இருக்கற வேலை.
மாத்திரை இதைப் பாத்துக்கும்.
அதை நீங்க நடந்துதான் கழிக்கணும்."
யாரும் இதுவரை எனக்கு
இப்படி வரவு எழுதிக் காட்டியதில்லை.

அஞ்சு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று.
கடைத் தராசில் போட்டால் முள் அசையாது,
அத்தனை சின்னது.
அதற்குப் பின் ஒரு மணி நேரம் காபி இல்லை.
சுண்ணாம்புச் சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி.
காபி கேட்ட மனுஷனிடம் ஆறு மணிக்கு என்றேன்.
எழுந்து தானே போட்டுக்கொண்டார்.
கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம்,
சீனி எந்த டப்பா என்றார்.
நான் செருப்பை மாட்டி
ஆற்றோரச் சாலையில் இறங்கிவிட்டேன்.
வைகையில் தண்ணீர் இல்லை, கொக்குகள் இருந்தன.
பாலம் வரை போய்த் திரும்ப மூச்சு வாங்கியது.

மறு மாசம் தங்கபுஷ்பம் வந்தாள்.
மெஷின் அவளைத் தெரியாது என்றது.
அடி மேஜையைத் திறந்தேன்.
ரேகை விழாதவர்களுக்கென்று
சர்க்கார் எப்போதோ கொடுத்த நோட்டு,
பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை.
பல்லால் கடித்துக் கிழித்தேன்.
"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"இது இங்கதான் இருந்துச்சா?" என்றாள்.

அரிசியை அளந்தேன்.