பார்வை நேரம்

முதலில் எங்கள் முகங்களைக் கழற்றச் சொன்னாள் பெட்ரோனெல்லா.
வாங்க வருகிறவர்கள் தங்களை மாட்டிப் பார்க்க
ஆணி காலியாக இருக்க வேண்டுமாம்.
கல்யாணப் படம் இறங்கியது.
அது இருந்த சதுரம் மட்டும்
மற்ற சுவரைவிட வெளுப்பு.
அதற்கும் அவள் காரில் ஒரு டப்பா பெயின்ட் இருந்தது.

பிறகு ஃப்ரிட்ஜ் காந்தங்கள், பல் டாக்டர் தேதி,
இரண்டு பல்துலக்கிகள்,
குளியலறைத் தராசு.
இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வீட்டுக்குள்
எத்தனை சார்ஜர்கள் வந்து சேர்கின்றன!
எந்தப் போனுக்கும் பொருந்தாதவை,
எறியவும் யாருக்கும் துணிவில்லாதவை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹீசிங்கனில்
இரும்புக் கூண்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.
நாற்பத்தேழு பெட்டிகள்.
இல்வா தன்னுடையவற்றில் பச்சை நாடா ஒட்டினாள்.
என்னுடையவற்றில் ஒன்றுமில்லை, அதுவே அடையாளம்.
ஒரே ஒரு பெட்டியின் மேல்
கேள்விக்குறி போட்டிருந்தாள்.
திறந்து பார்த்தேன்.
வாஃபிள் சுடும் அச்சு.

வெள்ளை சோபா வந்தது, வாடகைக்கு.
யாரும் படிக்காத மூன்று தடித்த புத்தகங்கள்,
கண்ணாடிக் கிண்ணத்தில் பதினொரு எலுமிச்சை.
தொடக்கூடாது.
மூன்று வருடமாக நான் படுத்த மடக்குக் கட்டில்
நிலவறைக்குப் போனது.
பெரிய கட்டிலில் எட்டுத் தலையணைகள்,
நடுவில் ஒரு தட்டு,
தட்டில் இரண்டு கோப்பைகள்,
காதோடு காது உரச.
அன்றிரவிலிருந்து நான் அந்த சோபாவில்,
துண்டு விரித்து, விருந்தாளி போல.

ஞாயிறு ஒரு மணி முதல் ஒன்றே முக்கால் வரை
நாங்கள் அங்கே வசிக்கவில்லை.
தெருவின் எதிர்ப்பக்கம், காருக்குள்:
நான், இல்வா, கூடையில் சோட்டிஸ் என்ற பூனை,
பின்சீட்டில் அழுக்குத் துணி, டோஸ்டர்.
கோதன்பர்க் மழை, பக்கவாட்டில் பெய்கிற வகை.
வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும்
எங்கள் வாசலில் இன்னும் இரண்டு பேர்.

குடை பிடித்த பெண்ணொருத்தி கண்ணாடியைத் தட்டினாள்.
"நீங்களும் வீடு பார்க்கத்தானே வந்தீர்கள்?"
நான் வாய் திறப்பதற்குள்
"ஆமாம்" என்றாள் இல்வா.

செருப்பு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு
எங்கள் வீட்டுக்குள் நுழைந்தோம்.
தரகருக்குக் காய்ச்சல். வந்திருந்தது மெல்கர் என்ற புதுப் பையன்.
எங்களைக் காட்டிக்கொடுக்க
ஒரு படமும் மிச்சமில்லை.
சமையலறையில் மாலை வெயில் நன்றாக விழும் என்றான்.
அப்படியா என்று கேட்டேன்.
நிஜமாகவே கேட்டேன்.

மாடிப் படியில் எல்லோரும் ஏழாவதை மிதித்தார்கள்,
அது முனகியது.
நாங்கள் இருவரும் தாண்டிப் போனோம்,
ஒரே காலால், ஒரே நொடியில்.
மெல்கர் திரும்பிப் பார்த்தான்,
பிறகு தன் காகிதத்தைப் பார்த்தான்.

படுக்கையறையில் இல்வா கேட்டாள்:
"ஏன் விற்கிறார்கள்?"
"பிள்ளைகள் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு
இடம் அதிகமாகிவிட்டதாம்."
வாக்கியத்தைச் சொல் சொல்லாகச் சரிபார்த்தேன்.
பொய் எதுவும் இல்லை.

குடைக்காரப் பெண் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நல்லா வாழ்ந்திருக்காங்க," என்று
தன் ஆளின் காதில் சொன்னாள்.
இல்வா விலை கேட்டாள்.
மெல்கர் சொன்னான்.
கொஞ்சம் அதிகம் என்றாள் இல்வா, என்னைப் பார்க்காமல்.

காருக்குத் திரும்பினோம். மழை விடவில்லை.
கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தாள்.
பதினொன்றில் ஒன்று.
இரண்டு வாரமாக பிளாஸ்டிக் என்றுதான் நினைத்திருந்தோம்.
நகத்தால் கீறினாள்.
கார் முழுக்க வாசனை.
"நிஜம்," என்றாள்.
சாவியை நான் திருகவில்லை.
கூடைக்குள் பூனை தும்மியது.