அக்டோபரில் வடித்துவிட வேண்டும்

உடைந்தது சத்தமே இல்லாமல்தான்.
ஜனவரியில் ஓர் இரவு, மைனஸ் இருபத்து மூன்று,
ரேடியேட்டரில் நான் விட்டிருந்தது வெறும் தண்ணீர்.
காலையில் கொட்டகைக் கதவைத் தள்ளினால்
என் ஐம்பத்தொன்பதாம் வருடத்து வோல்வோ
வழக்கம்போல் கூன்முதுகோடு நிற்கிறது.
எஞ்சினின் விலாவில் மட்டும்
சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாய்.
அதற்குள்ளிருந்து பனிக்கட்டி
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

வெல்டிங் வைக்கலாமா என்றேன்.
துவுலா டார்ச் அடித்துப் பார்த்தாள்.
"பிணத்துக்குப் பல் கட்டலாம், போர்யே.
சாப்பிடாது."

வசந்தம் முழுக்கத் தேடினேன்.
துர்க்குவில் ஒன்று: பிஸ்டன் இறுகிப்போயிருந்தது.
உப்சாலாவில் ஒன்று: விலை சொன்னார்கள், போனை வைத்துவிட்டேன்.
கோட்லாந்தில் ஒன்று
மரமறுக்கும் ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தது;
நான் செத்த பிறகு வா என்றார் ரம்பக்காரர்.
குரலைக் கேட்டால்
இப்போதைக்குச் சாகிறவராகத் தெரியவில்லை.

பிறகு துவுலாதான்,
ஒரு நட்டைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்:
"அதே வம்சத்து எஞ்சினைப் படகுக்கும் போட்டார்கள்.
எதிர்த்தீவில் ஒன்று இருக்கிறது.
படகை மின்சாரத்துக்கு மாற்றுகிறார்களாம்."
எதிர்த்தீவில் யார் என்று நான் கேட்கவில்லை.
பதினோரு வருடமாக
அந்தப் படகின் சத்தம் எனக்குத் தெரியும்.

மாய்-லீஸ் துறையில் நின்றிருந்தாள்.
கையில் ஒரு நோட்டு.
நீல மையில், தேதிவாரியாக,
எண்ணெய் மாற்றியது, பிளக் மாற்றியது,
பம்பின் ரப்பர் கிழிந்தது,
ஒவ்வோர் அக்டோபரிலும் அதே வரி:
தண்ணீர் வடித்தாயிற்று.
தண்ணீர் வடித்தாயிற்று.
தண்ணீர் வடித்தாயிற்று.
பக்கம் பக்கமாகப் படித்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

அறுநூறு யூரோ. குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.
அவள் புருஷன் ஹில்டிங் நல்ல மனுஷன்.
கயிறு கட்டித் தூக்கிவிட்டான், காபி கொடுத்தான்,
"கடலில் ஒருநாளும் கைவிட்டதில்லை" என்று
மாட்டைத் தட்டுவதுபோல் எஞ்சினைத் தட்டினான்.

பிறகு மூன்று வாரம்.
நீர்வழிகளைக் கம்பி விட்டுக் குடைந்தபோது
உப்பு வந்தது, சாம்பல் நிறத்தில்,
பொருக்குப் பொருக்காக, அரை வாளி.
துவுலா நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"சப்பென்று இருக்கிறது.
பால்டிக்கில் இதற்கு மேல் கிடைக்காது."

ஃப்ளைவீலின் பல்வளையம் பெரிது;
கியர்பெட்டிக் கூட்டில் இடித்தது.
விரல்நகக் கனம் ராவ வேண்டும்.
எஞ்சினைத் தொடாதே, கூட்டை ராவு என்றாள்.
கூடு என்னுடையது. ராவினேன், இரண்டு சாயங்காலம்.

கார் ஆறு வோல்ட். வந்தது பன்னிரண்டு.
பல்புகளை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன்,
வைப்பர் மோட்டாரை மறந்துவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன்.
முதல் இருமலில் கொட்டகை முழுக்கக் கடற்பாசி வாடை.
இரண்டாவதில் பிடித்துக்கொண்டது.
மழையே இல்லாத கண்ணாடியில்
வைப்பர் இரண்டும் துரத்தப்பட்ட கோழிகளாய்ப் படபடக்க
துவுலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு
எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறன்று கரைச்சாலையில் ஓட்டிப் போனேன்.
மேட்டில் அதற்கு மூச்சு வாங்கியது;
அலை ஏறிய பழக்கம், ஏறினால் உடனே இறங்கும் என்று நினைக்கும்.
எதிர்த்தீவின் துறையில்
ஒரு மஞ்சள் மழைக்கோட்டு நிமிர்ந்தது.
சத்தத்தைக் கேட்டு, படகைத் தேடி,
தண்ணீரைப் பார்த்தது.
தண்ணீரில் ஒன்றுமில்லை.
சத்தம் மட்டும்
பைன் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

நான் ஹார்ன் அடிக்கவில்லை.
அதையும் மாற்ற மறந்திருந்தேன்.

இன்று அக்டோபர் மூன்று.
எஞ்சினோடு நோட்டையும் கொடுத்திருந்தாள்.
அவள் கடைசி வரிக்குக் கீழே
என் கோணல் எழுத்தில் எழுதினேன்:
உறையாத திரவம் ஊற்றியாயிற்று.
எழுதி, மூடி, விளக்கையும் அணைத்த பிறகு
ஞாபகம் வந்து
எழுந்துபோய் ஊற்றினேன்.