கழற்றும் கூலி

மாட்ட ஒரு கூலி, கழற்ற ஒரு கூலி.
இரண்டையும் சேர்த்தே பேசி முடித்தோம் அந்த வருடம்.
ஈசூன் ரிங் ரோட்டில் நூற்றுப்பத்து விளக்குக் கம்பங்கள்.
ஏணியின் மேல்படியில் நின்றால்
திரு. குவெக் பூன் தியாமின் முகமும் என் முகமும்
ஒரே உயரம்.
இடது கன்னத்தில் மரு.
அச்சகத்தில் அழித்துத் தருகிறோம் என்றார்களாம்,
இருக்கட்டும் என்றாராம்.

வாக்களிப்பு நாளன்று
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை.
முத்திரைப் பேனாவை அழுத்தினால்
பெருக்கல் குறி விழுகிறது.
பள்ளியில் தப்புக்குப் போடுவார்கள் இதை.
இங்கே பிடித்தவருக்கு.

நான் அவருக்குப் போடவில்லை.
அவர் காசில் வாங்கிய கையுறை
சட்டைப்பையில் இருந்தது அப்போது.
மேகலாவிடம்கூடச் சொன்னதில்லை இதுவரை.

நூற்றுக்குப் பதினொன்று.
வைப்புத்தொகையும் போயிற்று.
மாட்டும்போது நின்று பார்த்தவர்கள்
கழற்றும்போது குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள்.
நல்ல மழை.
காத்திப் பக்கம் கடைசிக் கம்பத்தில் நான் இருந்தபோது
கீழே யாரோ ஏணியைப் பிடித்தார்கள்.
குனிந்து பார்த்தால், அவர்.
"வழுக்கும்," என்றார்.
வேறொன்றும் பேசவில்லை.
கூலி உறையில் ஐம்பது வெள்ளி கூடுதலாக இருந்தது.
திருப்பித் தரத்தான் நினைத்தேன்.

ஆறு வருடம்.
மறுபடி நிற்கிறாராம்.

கோப்பிக்கடையில் மேசைக்கு மேசை இதே பேச்சு.
"ஒருதரம் வேணாம்னு சொல்லியாச்சு, பிறகென்ன?"
இது கிருபாநிதி, லாரி ஓட்டுபவர்.
"தோத்தவன் கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கணுமா?"
இது தட்டு எடுக்கும் ஹமீதா.
"பதவி ஆசை," என்றது ஒரு மேசை.
"ஆசை இல்லாதவன் ஏன் நிக்கணும்?" என்றது இன்னொன்று.
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது எனக்கு.

என் மகள் யாழ்மதி
மூன்று தரம் கார்த் தேர்வில் தவறினாள்,
நாலாவதில் தேறினாள்
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
கார் வேறு, இஸ்தானா வேறு.
அதுவுமில்லாமல் அவளுக்கு
ஒவ்வொரு முறையும் ஒரு தாள் கொடுத்தார்கள்:
ஓரக்கல்லில் இடித்தாய்,
தோளுக்குப் பின்னால் பார்க்க மறந்தாய்.
இவருக்கு யார் கொடுத்தார்கள் தாள்?
பதினொன்று என்றார்கள், அவ்வளவுதான்.
எங்கே இடித்தோம் என்று தெரியாமலே
ஆறு வருடம் ஒரு மனிதர் என்ன செய்திருப்பார்?

ஒரே ஒரு வாக்கின் காரணம் எனக்குத் தெரியும்.
தொலைக்காட்சியில் ஏதோ கேட்டார்கள்,
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
"எனக்குத் தெரியவில்லை," என்றார்.
இவ்வளவு பெரிய வேலைக்கு வருகிறவர்
தெரியவில்லை என்பதா என்று
சோபாவில் கால் நீட்டியபடி தீர்ப்புச் சொன்னேன் நான்.
எல்லாம் தெரிந்தவருக்குப் போட்டேன்.
பிறகு வந்த வருடங்களில்
எல்லாம் தெரிந்தவர்கள் பலரிடம் வேலை பார்த்தாயிற்று.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.
"ஏணி இருக்கிறதா?"
இருக்கிறது.
மாட்டும் கூலி சொன்னேன்.
"கழற்றுவதற்கு?"
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
இல்லை, இப்போதே எழுதிவிடுங்கள் என்று சிரித்தார்.

இன்று விடியற்காலை
லாரியில் கட்டைப் பிரித்தேன்.
முடி வெளுத்திருக்கிறது. கண்ணாடி புதிது.
முதல் கம்பத்தில் ஏறி, நாடாவை இறுக்கி,
நேருக்கு நேர் பார்த்தால்
இடது கன்னம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.
கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.
வழவழ.

இதைத்தான் கற்றுக்கொண்டாரா
எங்கள் பெருக்கல் குறிகளிலிருந்து?

காதிடுக்கில் கறுப்புப் பேனா.
பதாகையில் கிறுக்குவது குற்றம், தெரியும்.
கீழே ஏணியைப் பிடிக்க யாருமில்லை.
இன்னும் நூற்றொன்பது கம்பங்கள்.