காசோலை எண் 212

நீர்மேல் எழுத்துக்கு
மணிக்கு நூற்றெழுபது டாலர் வாங்குகிறது
கப்புஸ்கேஸிங் நகராட்சி.
கடைசிப் பத்து நிமிடம்
வண்டி வந்து எல்லாவற்றையும் அழிக்கும்.
அழிப்பதற்கும் நாங்கள்தான் கட்டுகிறோம்.

நல்ல நேரமெல்லாம் ஹாக்கிக்காரர்களுக்கு.
எங்களுக்கு விடியற்காலை ஐந்தே முக்கால்,
பத்தொன்பது பிள்ளைகள்,
சாக்லேட் விற்ற பிசுபிசுப்பு போகாத சில்லறை.

நான் பொருளாளர்.
என் மகள் ஸ்கேட்டிங்கை விட்டு நான்காண்டு ஆகிறது,
இந்தக் கணக்குப் புத்தகம் என்னை விடவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு நேர்செய்கையில்
வங்கி சொன்ன தொகை
என் தொகையைவிட அறுநூற்று நாற்பது கூடுதல்.
குறைந்தால் பயம். கூடினால் அதைவிட.
பிங்கோ இரவைப் புரட்டினேன்,
பழைய உடுப்பு விற்பனையைப் புரட்டினேன்,
பெர்னியே வீட்டு பாக்கி
(அதை நான் தொடுவதில்லை).

கிடைத்தது. எண் 212.
பயிற்சியாளர் ஒடீல், செப்டம்பர் சம்பளம்.
இன்னும் மாற்றவில்லை.
மார்ச் பிறந்தால் அது செத்த காகிதம்.

"எங்கோ தொலைத்துவிட்டேன்" என்றாள்
கையுறையைப் பார்த்தபடி.
மாலையில் மருந்துக்கடைக் கல்லாவில் நிற்பவள்,
ஒரு சென்ட் தொலைக்காதவள்.

ஆக, இந்தக் குளிர்காலம் முழுக்க
அவள் சம்பளத்தின் மேல்தான்
வழுக்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று எழுதினேன், எண் 247.
கையில் கொடுத்தால் அதுவும் தொலையும்.
யாருமில்லாத நேரம் நாலாக மடித்து
அவளுடைய இடது ஸ்கேட்டுக்குள்
விரல்நுனி வரை திணித்தேன்.

அங்கே ஏற்கெனவே செய்தித்தாள் இருந்தது.
பூட்ஸ் அவளுக்கு ஓர் அளவு பெரிது.