மூன்று நிமிடம், இருபது ரூபாய்

இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி
எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இறங்குகிறவர்கள்
முதலில் கேட்பது கழிப்பறை,
அடுத்தது மேட்டூர் அணை.

லேடீஸ் சீட்டில்
முக்காலி மேல் நிற்கிறது என் தொலைநோக்கி.
அணை தெரியும் நாட்கள் வருஷத்துக்கு நாற்பது தேறும்.
மற்ற நாட்களில்
'அதோ, அந்த வெள்ளிக் கோடு' என்பேன்.
சில சமயம் அது கோழிப்பண்ணைத் தகரம்.

நேற்று மூன்றரை மணி வேனில்
பதினாறு பேர். எல்லோருக்கும் ஒரே மூக்கு.
உருக்காலைப் புகைபோக்கியைக் காட்டினேன்,
உப்பைக் கொட்டிவைத்தது போல வெள்ளைக்கல் சுரங்கம்,
ஜங்ஷனில் தீப்பெட்டி ரயில்.
ஒரு பையன் கோட்டை மாரியம்மனைக் கேட்டான்.
உயரமாய் நின்ற ஒன்றைக் கைகாட்டினேன்.
தண்ணீர்த் தொட்டியாகவும் இருக்கலாம்.
கும்பிட்டுக்கொண்டான்.

கடைசியாக வந்தவள்
பஜ்ஜி எண்ணெயைத் தலைப்பில் துடைத்தபடி
"குகை தெரியுமா?" என்றாள்.
சேர்வராயன் கோயில் குகைக்கு
வழி சொல்லத் தொடங்கினேன்.
"அய்யோ, எங்க குகைங்க. லைன்மேட்டுக்கு இந்தப் பக்கம்.
மாடியில மொளகா காயுது."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாம்.
துணிக்கொடிக்கு மேலே நீலமாய்
தினமும் இந்த மலையைப் பார்க்கிறாளாம்.
ஏறியது இன்றைக்குத்தான்.

குழலைத் தெற்கே திருப்பிவிட்டேன். அவள் குனிவதற்குள்
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி
ஐந்து ரோட்டோடு சேர்த்து ஊரை விழுங்கிவிட்டது.
கண்ணாடிக்குள் பாலைத் தவிர ஒன்றுமில்லை,
எனக்குத் தெரியும்.
காசைத் திருப்பிக் கொடுக்கப் பையில் கைவிட்டேன்.

"இருக்கு" என்றாள்.

"செவப்பாத் தெரியுது. அங்க மழை இல்ல."

மூன்று நிமிடம் முடிந்ததை நான் சொல்லவில்லை.
வேன் ஹாரன் அடித்தது.
"தமயந்தி! உனக்காக எத்தனை பேர் நிக்கிறது?"
கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னாள்:
"அங்கிருந்து பாத்தா
நீங்க நிக்கிறது தெரியாதுங்க."

போய்விட்டாள். கண்வைக்கும் வளையத்தில்
அவள் மை அரைவட்டமாய் ஒட்டியிருந்தது.
அதைத் துடைப்பதற்கு முன் நானும் குனிந்தேன்.
வெள்ளை.

ஆறு மணிக்குப் பனி விலகியபோது
கீழே விளக்குகள் வந்திருந்தன.
பஜ்ஜிக்கடை லூர்து அக்கா
அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட்டாள்:
"இருட்டுல என்னத்தைத் தேடுற பிரான்சிஸு?"

மிளகாய் என்றால் சிரிப்பாள்.
மேட்டூர் என்றேன்,
குழல் தெற்கே பார்த்திருக்க.