நான்கு

செயின்ட் பால் நகரம். ஜனவரி.
அரசு வாரியங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று
ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணிச் சொல்வது என் வேலை.

மோங் பெண்கள் என்ற கட்டத்தில்
போன முறை நான்கு எழுதினேன்.
டார்லா அதை நீலக் கம்பமாக வரைந்தாள்;
மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

நான்கும் யெர் மூவாதான்.

முடிதிருத்துவோர் உரிமம், ஏரிநீர், முதியோர் நலம்,
அப்புறம் சவ அடக்கத் தொழில்.
நான்கு அடையாள அட்டையும் ஒரே கழுத்தில்,
ஒன்றில் பெயரே தப்பு.
வியாழன் பத்து மணிக்கு இரண்டு கூட்டம்.
போகாத இடத்தில் “வருகை குறைவு” என்று குறிப்பு.

ஏரிக் கூட்டத்தில் கேட்டாளாம்,
கரையில் மீன் பிடித்துத் தின்பவர்களை
யாராவது எண்ணியதுண்டா என்று.
குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

லிஃப்டில் ஒருநாள் என்னிடம்:
“உங்கள் அட்டவணையில் நான் எத்தனை பேர்?”
மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை ஒரு கடிதம்,
பனியில் நனைந்த உறை, ஒற்றைக் கையெழுத்து.
நான்கை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.
கம்பம் இருந்த இடத்தில் வெறும் கோடு.

டார்லா எட்டிப் பார்க்கிறாள்:
“அவளைப் போல வேறு யாராவது
ஒருத்தி கிடைப்பாளா?”